தொடைக்கு ஒரு பக்குவம், நெஞ்சுக்கு ஒரு பக்குவம்: வான்கோழி கேள்வி – பதில்

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க வான்கோழி பற்றிய கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. வீட்டில் வளர்ப்பவர்கள், முதல் தடவையாகச் சமைக்கப் போகிறவர்கள், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் கேட்கும் பெற்றோர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டோம். கால்நடை மருத்துவம் அறிந்தவர்களும் சமையல் அறிந்தவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பம் வாசகி: என் மகள் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறாள். மருமகன் போன ஏப்ரலில் உரிமம் வாங்கி, காட்டு வான்கோழிச் சேவல் இரண்டு வேட்டையாடினார். ஒன்றை மகள் முழுசாக ஓவனில் வைத்தாள். நெஞ்சுக்கறி தேங்காய் நார் மாதிரி வறண்டுவிட்டதாம், காலைக் கடிக்கவே முடியவில்லையாம். மீதியை ஃப்ரீசரில் போட்டிருக்கிறாள். இன்னொரு பறவை தொடாமல் அப்படியே இருக்கிறது. அதையாவது உருப்படியாகச் சமைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் மகளின் கைப்பக்குவத்தில் குறை இல்லை அம்மா. கடையில் விற்கும் வான்கோழிக்குச் சொன்ன முறையைக் காட்டுப் பறவைக்குச் செய்ததுதான் காரணம். பண்ணை வான்கோழி நான்கைந்து மாதத்தில் கறிக்கு வந்துவிடும். நெஞ்சு பெருக்க வேண்டும் என்றே வளர்க்கப்பட்ட இனம், தோலுக்கடியில் கொழுப்பும் இருக்கும். அங்கே கடையில் உறைய வைத்து விற்கும் பறவைகள் பலவற்றில் உப்புநீரை ஊசியால் ஏற்றியே விற்கிறார்கள். காட்டுச் சேவலின் கதை வேறு. அதற்கு இரண்டு, மூன்று வயது இருக்கும். நாள் முழுக்க நடக்கும், பறக்கும், இரவில் மரத்தில் ஏறி அடையும். காலில் அத்தனையும் உழைத்த சதை, நெஞ்சுச் சதைக்குள் கொழுப்பே கிடையாது.

இந்த இரண்டையும் ஒரே சூட்டில் ஒரே நேரம் வைத்தால் எதாவது ஒன்று கெட்டே தீரும். நெஞ்சுக்கறி உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் போகப்போகச் சதை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். கால், தொடைக்கு 74 பாதுகாப்புக்குப் போதும், பல்லுக்குப் போதாது. அதிலுள்ள இணைப்புத் திசு கரைந்து பசையாக மாற 90 டிகிரியை ஒட்டிய ஈரச் சூட்டில் மணிக்கணக்காக இருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது பறவையை முழுசாக வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடச் சொல்லுங்கள். முதலில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடட்டும். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் வீதம் கணக்கு. வெளியில் வைத்து உருக்கினால் உள்ளே உறைந்திருக்கும்போதே மேல்சதை கெடத் தொடங்கும்.

பாதி உருகிய நிலையிலேயே நெஞ்சை எலும்பிலிருந்து பிரிப்பது நல்லது, சீராக நறுக்க வரும். நார் ஓடும் திசைக்குக் குறுக்காக விரல் கனத்தில் துண்டு போட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு, 25 கிராம் சர்க்கரை கலந்து, துண்டுகள் மூழ்கும்படி ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் வைக்கட்டும். முழு நெஞ்சாகவே வைப்பதானால் ஓர் இரவு. உப்பு சதையின் புரதத்தைத் தளர்த்திவிடும், சூடு ஏறும்போது தண்ணீர் அவ்வளவாக வெளியேறாது. பிறகு துடைத்துவிட்டு இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்புத்தூள், கொஞ்சம் தயிர் தடவி அரை மணி. மசாலாவில் மறுபடி உப்பு போடக் கூடாது. இரும்பு தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் நல்லெண்ணெய் விட்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். ஒரு துண்டை நடுவில் வெட்டிப் பார்த்து, இளஞ்சிவப்பு மறைந்து சாறு தெளிவாக வந்தால் உடனே தட்டில் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் வேகட்டுமே என்று விடுகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் கறி நாராகிறது.

கால், தொடைக்கு நம் ஊர்க் குழம்பை மிஞ்ச எதுவும் இல்லை. எலும்போடு ஒன்றரை கிலோ கறிக்குச் சின்ன வெங்காயம் 300 கிராம், தக்காளி மூன்று, இஞ்சி பூண்டு விழுது மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் மூன்று. வதக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து 45 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே திடீரென்று கொதித்துக் கறி இறுகும். திறந்ததும் எலும்பிலிருந்து சதை கழன்று வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் 15 நிமிடம், பறவை கிழடு என்று பொருள். காலுக்குள் ஈர்க்குச்சி மாதிரி நீளமாகக் கெட்டி நார்கள் இருக்கும். வெந்தபின் ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு, அரை மூடித் தேங்காயும் பதினைந்து முந்திரியும் அரைத்து ஊற்றி ஒரு கொதி. கடைசியில் நல்லெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி வடவம் தாளித்துக் கொட்டினால் காட்டுப் பறவையின் அந்த அழுத்தமான வாடை மணமாகவே மாறிவிடும். அங்கே வடவம் இல்லையென்றால் கடுகு, வெந்தயம், சோம்பு, தட்டிய பூண்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இவற்றைச் சிவக்க வறுத்துக்கொள்ளலாம்.

வறண்டுபோன பழைய கறியை எறிய வேண்டாம். நாருக்குக் குறுக்காக மிகப் பொடியாகக் கொத்தி, சூடான எலும்பு ரசத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு பங்கு கறிக்கு ஒரு பங்கு வேகவைத்த உருளைக்கிழங்கு சேர்த்து கட்லெட் தட்டலாம். வறட்சி தெரியாது.

புதுச்சேரி வில்லியனூர் வாசகர்: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் தம்பி வரும் வசந்தத்தில் முதல்முறையாகக் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகப் போகிறானாம். ‘சுட்டுவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்றே தெரியாது அண்ணே’ என்கிறான். சுடுவதற்கு முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறாரே, அதுவே பாதிப் பாதுகாப்பு. முதலில் சட்டம். உங்கள் தம்பி தற்காலிக வேலை விசாவில் இருந்தால், அந்நாட்டு மத்திய சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே உரிமம் கைக்கு வருமுன் நண்பரின் துப்பாக்கியைக்கூடத் தொட வேண்டாம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பருவம், எத்தனை பறவை, எந்த நேரம் வரை என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்த ஆண்டு விதிமுறையை மாநில வனவிலங்குத் துறையிடமிருந்து வாங்கிப் படிக்க வேண்டும். வசந்த காலத்தில் பெரும்பாலும் சேவலை மட்டும்தான் சுடலாம். சில மாநிலங்களில் விதி ‘தாடி உள்ள பறவை’ என்றே எழுதப்பட்டிருக்கும். நெஞ்சிலிருந்து குதிரைவால் முடி மாதிரித் தொங்கும் இறகுக் கற்றைதான் தாடி. அபூர்வமாகப் பெட்டைக்கும் இருக்கும்.

வான்கோழிக்கு மோப்பம் குறைவு, கண் அபாரம். தலையைத் திருப்புவதைக்கூடப் பார்த்துவிடும். விடியுமுன்பே, அது அடைந்திருக்கும் மரத்திலிருந்து நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளி, தன் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார வேண்டும். பெட்டையின் குரலை, மூடியை உரசும் மரப்பெட்டியிலோ குச்சியால் உரசும் பலகைக் கல்லிலோ எழுப்பினால் சேவல் கொளகொளவென்று பதில் சொல்லிக்கொண்டு வரும். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பதே மேல். ஓயாமல் கூப்பிட்டால் பெட்டை தன்னைத் தேடி வரட்டும் என்று சேவல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

உயிருக்கு உலை வைப்பது உடை. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அந்த நிறங்களில் சட்டை, கைக்குட்டை, உள்பனியன்கூட வேண்டாம். வேறு வேட்டைக்காரர் அதைத் தலையென்று நினைத்துவிடுவார். அதே காரணத்தால், குரல் கேட்கும் திசையை நோக்கிப் பதுங்கிப் போகவும் கூடாது. குரல் கொடுப்பது பறவையாகத்தான் இருக்கும் என்பது நிச்சயமில்லை.

குறி தலையும் கழுத்தும் சேரும் இடம். உடம்பில் சுட்டால் கனத்த இறகும் நெஞ்செலும்பும் ரவையைத் தாங்கிக்கொள்ள, பறவை காயத்தோடு ஓடி எங்கோ சாகும், கறியும் பாழ். 12 போர் ஷாட்கன், இறுக்கமான சோக் (ரவை சிதறாமல் குழல்முனையை ஒடுக்கும் பகுதி), 4 முதல் 6 எண் ரவை என்பது வழக்கம். தூரம் 35 மீட்டருக்குள். போகுமுன் அதே தூரத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும். 10 அங்குல வட்டத்துக்குள் நூறு ரவை விழுந்தால் சரி என்பது அங்குள்ளோர் பழைய அளவுகோல். சேவல் தோகை விரித்து ஆடும்போது கழுத்து உள்ளிழுத்திருக்கும், அப்போது சுடக் கூடாது. தோகையை மடக்கிக் கழுத்தை நீட்டிப் பார்க்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். பறவைக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

விழுந்ததும் துப்பாக்கியின் பூட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் பறவையின் தலையை மிதித்துக்கொள்ளட்டும். கால் முள் ஓர் அங்குலத்துக்கு மேலும் இருக்கலாம், துடிக்கும் காலைப் பிடித்தால் கையைக் கிழித்துவிடும். உரிமச் சீட்டை அங்கேயே கட்ட வேண்டிய மாநிலமானால் கட்டிவிட்டு, பளீரென்ற ஆரஞ்சு நிறப் பையில் போட்டுத் தூக்கி வர வேண்டும்.

இனி நேரத்தோடு போட்டி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் குடலை எடுத்துவிட்டுக் குளிரூட்ட வேண்டும். நெஞ்செலும்பின் கீழ்முனையிலிருந்து ஆசனவாய் வரை மேலாகக் கீறி, கத்தி குடலில் படாமல் கையால் இழுத்து எடுப்பது. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையையும் மறக்காமல் எடுக்க வேண்டும். அதில் கிடக்கும் தழையும் விதையும் புளித்தால் நெஞ்சுக்கறி வரை வாடை ஏறும். வயிற்றுக்குள் ஐஸ் பை ஒன்று வைத்து ஐஸ் பெட்டியில் வைத்தால் போதும். வசந்த காலச் சேவலுக்கு மேல்நெஞ்சில் மஞ்சளாகப் பஞ்சு மாதிரிக் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கும். இணைசேரும் பருவத்தில் சரியாகத் தின்னாமல் அலையும் சேவலுக்கு அதுதான் சேமிப்பு. சீக்கிரம் ஊசிப்போகும், வெட்டி எறிந்துவிட வேண்டும்.

ரவை பட்ட இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் சதையை வெட்டித் தள்ளட்டும். ரவையோடு இறகுத் துணுக்கும் உள்ளே போயிருக்கும். ஈய ரவையானால் கழுத்தை எலும்பு ரசத்துக்குப் போடவே கூடாது. அடி முழுக்க அங்கேதான் விழுந்திருக்கிறது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் உள்ள வீட்டில் ஈயமில்லாத ரவையை வாங்குவதே சரி. காட்டுக் கறியை அங்கே விற்கவும் கூடாது, வீட்டிலும் நண்பர்களோடும் உண்ணத்தான்.

புதுச்சேரி ஊசுட்டேரி அருகிலிருந்து ஒரு வாசகர்: நம் பக்கத்தில் கௌதாரி, காடை, நீர்க்கோழி இருக்கின்றனவே, ஏர்கன்னில் ஒன்றிரண்டு அடித்துச் சாப்பிட்டால் என்ன?

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் சொன்ன எல்லாமே பாதுகாக்கப்பட்ட பறவைகள். கண்ணி வைப்பது, முட்டையை எடுப்பது, சுட முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். ஏர்கன்னுக்குத் தனிச் சலுகை இல்லை. 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில் போல முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்குத் தண்டனை மூன்றாண்டில்தான் தொடங்கும். ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டது. பறவை அங்கே கூடு கட்டிக் குஞ்சோடு இருக்கும்போது ஒன்றை அடித்தால் ஒரு கூடே அழியும். காட்டு வான்கோழி நம் நாட்டில் எங்குமே இல்லை. நாம் உண்ண வேண்டியது பண்ணை வான்கோழிதான், அது தாராளமாகக் கிடைக்கிறது.

நெல்லிக்குப்பம் வாசகர்: இரண்டு வான்கோழி வளர்த்தோம். சேவல் இப்போது ஏழு மாதம், எட்டுக் கிலோ. வீட்டிலேயே அறுக்கப் போகிறோம். நாட்டுக்கோழி அறுத்துப் பழக்கம் உண்டு, இதற்குத் தனியாக ஏதாவது இருக்கிறதா? காலில் குச்சி குச்சியாக இருக்கும் என்கிறார்களே?

பதில்: தனியாக ஐந்து விஷயம் இருக்கிறது. அறுக்கப் போவதற்கு 12 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். தீனிப்பையும் குடலும் காலியாக இருந்தால் சுத்தம் செய்யும்போது கறியில் அழுக்குப் படாது.

எட்டுக் கிலோச் சேவலின் இறக்கை அடி சாமானியமல்ல. கோணிப்பையின் ஒரு மூலையைக் கையளவு வெட்டி, பறவையை உள்ளே விட்டுத் தலையை மட்டும் அந்த ஓட்டை வழியாக வெளியே எடுத்து, கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இறக்கை மடங்கியிருக்கும், பறவையும் அடங்கும், சதையில் இரத்தம் கட்டாது. தாடைக்குக் கீழே இரு பக்கமும் கூர்மையான கத்தியால் ஒரே இழுப்பு. மூன்று நான்கு நிமிடம் இரத்தம் முழுதும் வடியட்டும். உயிர் முற்றிலும் அடங்கியபின்தான் சுடுதண்ணீர்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது இந்தச் சுடுதண்ணீரில்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோல் வெந்து, இறகைப் பிடித்தால் தோலோடு கிழியும். ஆறிப்போனால் இறகு வரவே வராது. வேண்டிய சூடு 60 முதல் 63 டிகிரி. வெப்பமானி இல்லாவிட்டால் கவலை வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் நம் ஊர்த் தண்ணீருக்கு 65-க்குப் பக்கத்தில் வரும், பாத்திரம் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், சரியாக இருக்கும். முப்பது லிட்டராவது பிடிக்கும் அண்டாவில் பறவையைத் தலைகீழாக முக்கி, மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். இறகின் அடிவரை தண்ணீர் போக வேண்டும். ஒரு நிமிடம் ஆனதும் இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் வெளியே எடுத்துவிடலாம். முதலில் இறக்கை, வால் இறகுகள், பிறகு உடம்பு. வால் மேட்டில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை ஆழமாகவே வெட்டி எடுத்துவிடுங்கள், அது இருந்தால் குழம்பில் ஒரு கசப்பு வாடை.

குச்சிகள் என்பவை கெட்டிப்பட்ட தசைநார்கள். வான்கோழிக்கு வயது ஏற ஏற அவை எலும்பு மாதிரியே இறுகும். பச்சையாக இருக்கும்போதே உருவிவிட்டால் கால் கறி தனி ருசி. கால் மூட்டுக்குக் கீழே, செதில் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலை மட்டும் சுற்றி வளைத்துக் கீறுங்கள், நாரில் கத்தி படக் கூடாது. அந்த இடத்தை மேசை விளிம்பில் வைத்து எலும்பை மட்டும் முறியுங்கள். பிறகு ஒருவர் தொடையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பாதத்தை நேராக இழுத்தால் பத்துப் பன்னிரண்டு வெள்ளை நார்களும் பாதத்தோடு சேர்ந்து உருவிக்கொண்டு வரும். கை பலம் போதாவிட்டால் பாதத்தைக் கதவு இடுக்கில் மாட்டித் தொடைப் பக்கத்தை இழுக்கலாம். அறுத்த அரை மணிக்குள் செய்தால் சுலபம், விறைத்தபின் கடினம்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நம் வீடுகளில் யாரும் செய்வதில்லை. அறுத்த சூட்டோடு குழம்பு வைக்காதீர்கள். இளங்கோழிக்கு அது சரிப்படும். வான்கோழியின் சதை அறுத்த சில மணி நேரத்தில் விறைத்து, பிறகு மெல்லத் தளரும். விறைத்த நேரத்தில் அடுப்பில் ஏறினால் எத்தனை விசில் விட்டாலும் இறுக்கம் போகாது. ஐஸ் தண்ணீரில் சூட்டைத் தணித்து, ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்து மறுநாள் சமையுங்கள். ஃப்ரீசரில் வைப்பதானாலும் இந்த ஒரு நாள் கழித்துத்தான். எட்டுக் கிலோவுக்குச் சுத்தம் செய்தபின் ஏறக்குறைய ஆறு கிலோ தேறும்.

புதுச்சேரி லாஸ்பேட்டை வாசகி: கிறிஸ்துமஸுக்கு ரோஸ்ட் செய்ய ஆசை. எங்களிடம் 40 லிட்டர் ஓ.டி.ஜி. (சிறிய மின் ஓவன்) இருக்கிறது. எவ்வளவு பெரிய பறவை வாங்கலாம்?

பதில்: சுத்தம் செய்த எடை மூன்றரை, நான்கு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆகவே சேவலை விட்டுப் பெட்டையாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய பறவை மேல்கம்பியைத் தொட்டால் மேல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். முதுகெலும்பை இரு பக்கமும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தட்டையாக்குங்கள். உயரம் பாதியாகும், தொடையும் நெஞ்சும் ஒன்றாக வேகும். முந்தின இரவே கிலோவுக்கு 12 கிராம் உப்பு, மிளகு, பூண்டு, வெண்ணெய் கலந்து தோலுக்கும் சதைக்கும் இடையில் விரலை விட்டுத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். சமைக்குமுன் அரை மணி வெளியில் வைத்து, முன்பே சூடேற்றிய ஓவனில் 200 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 170-க்குக் குறைத்து ஒரு மணி நேரம் போல. நேரத்தை நம்பாதீர்கள், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் குத்து வெப்பமானியை நம்புங்கள். நெஞ்சின் தடித்த இடத்திலும் உள்தொடையிலும் எலும்பில் படாமல் குத்தி, இரண்டிலும் 74 காட்டினால் வெளியே எடுத்து 20 நிமிடம் வெட்டாமல் வையுங்கள். வயிற்றுக்குள் அடைக்கும் ஸ்டஃபிங்கைத் தனிப் பாத்திரத்தில் சமைப்பதே பாதுகாப்பு.

முழுப் பறவைதான் வேண்டுமென்றால் தெரிந்த பேக்கரியில் கேட்டுப் பாருங்கள். ஆறு கிலோப் பறவை 160 டிகிரிச் சூட்டில் மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும், அவர்கள் அடுப்பு ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்க்க வேண்டும்.

முத்தியால்பேட்டை மாணவி: பிரெஞ்சு வகுப்பில் வான்கோழிக்கு ‘தேந்த்’ என்றார்கள். அதற்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: உண்டு. ‘இந்தியாவின் கோழி’ என்பதன் சுருக்கம்தான் அந்தச் சொல். பறவையோ அமெரிக்கக் கண்டத்துக்குரியது. மெக்சிகோ பக்கத்து மக்கள் பழக்கி வளர்த்ததை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். அந்த நிலத்தை ‘இந்தியா’ என்று தவறாக அழைத்த காலம் அது. துருக்கியரும் அதை ‘ஹிந்தி’ என்கிறார்கள், ஆங்கிலேயர் ‘டர்க்கி’ என்கிறார்கள், போர்ச்சுகீசியர் ‘பெரு’ என்கிறார்கள். ஆளுக்கொரு தேசத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பாகூர் வாசகர்: நாட்டுக்கோழியோடு ஒன்றாகத்தான் வான்கோழியும் மேய்கிறது. அறுத்தபோது ஈரலில் வட்ட வட்டமாகக் குழி விழுந்த மாதிரி மஞ்சள் திட்டுகள். சாப்பிடலாமா?

பதில்: அந்த ஈரலையும் குடலையும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பறவை மெலிந்தோ சோர்ந்தோ இருந்திருந்தால் கறியையும் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் கருந்தலை நோய்க்கு உரியது. அந்தக் கிருமி மனிதரைத் தாக்காது, ஆனால் நோயுற்ற பறவையைச் சமைக்கத் தேவையில்லை. கந்தக மஞ்சள் நிறத்தில் கழிச்சல் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இந்தக் கிருமி கோழியின் குடல்புழு முட்டைக்குள் ஒளிந்துகொண்டு மண்ணில் நெடுநாள் கிடக்கும், மண்புழு வழியாகவும் பரவும். கோழி அதைத் தாங்கிக்கொள்ளும், வான்கோழி தாங்காது. ஆகவே இரண்டையும் ஒரே தரையில் விடாதீர்கள், கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழிக் குஞ்சை இறக்காதீர்கள். அடுத்த பறவை சோர்ந்தால் உயிரோடு இருக்கும்போதே குரும்பாபேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பண்ருட்டி வாசகி: அரைவைப்பை, ஈரல், எலும்பு எல்லாம் நிறைய மிஞ்சுகிறது. வீணாக்க மனமில்லை.

பதில்: வீணாக்கவே கூடாது. கல் மாதிரிக் கெட்டியாக உள்ள அரைவைப்பையை நடுவில் பிளந்து, உள்ளே இருக்கும் மண்ணையும் கல்லையும் கழுவி, மஞ்சள் தோலை நகத்தால் கிளப்பி உரித்தெடுங்கள். மெல்லிய சீவலாக நறுக்கிக் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்தபின் மிளகு வறுவல். ஈரலைத் தனியாக, கடைசியில் மூன்று நிமிடம் மட்டும், அதிகம் வெந்தால் மாவாகிவிடும். பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்து பச்சை பட்ட இடத்தைக் கழுவிப் பயனில்லை, வெட்டி எறியுங்கள். எலும்பை உடைத்து, மூன்று லிட்டர் தண்ணீரில் இஞ்சி, மிளகு, சின்ன வெங்காயத்தோடு நான்கு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்ல வையுங்கள். வடிகட்டி ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டியாகும், மேலே படியும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடலாம். உங்கள் ஊர் முந்திரியை அரைத்து அதில் விட்டால் அருமையான சூப்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: மகன் அங்கே வேட்டையாடிய பறவையின் வால்தோகையையும் இறக்கை எலும்பையும் நினைவாக வைத்திருக்கிறான். எப்படிப் பதப்படுத்துவது? ஊருக்குக் கொண்டுவரலாமா?

பதில்: கொண்டுவர முயல வேண்டாம். பறவைகளின் இறைச்சி, இறகு போன்றவற்றுக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், பறவைக் காய்ச்சல் பயம் காரணமாகக் கெடுபிடி அதிகம். அவர் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும்.

தோகையை வால் மேட்டோடு சேர்த்து வெட்டியிருக்க வேண்டும். அதிலுள்ள சதையையும் கொழுப்பையும் கத்தியால் சுரண்டி எடுப்பதுதான் பெரிய வேலை. கொஞ்சம் விட்டாலும் வண்டு பிடிக்கும், இறகு உதிரும். சுரண்டிய இடம் முழுக்க வெண்காரப் பொடியைத் தேய்த்து, அட்டையில் விசிறியாக விரித்து, இறகுகளின் நடுத்தண்டை ஒட்டிக் குண்டூசி குத்தி நிறுத்தி, காற்றாடும் நிழலில் மூன்று வாரம் விட வேண்டும். வெயிலில் காய்ச்சினால் அந்தச் செம்பு நிறப் பளபளப்பு மங்கிவிடும். தாடியின் அடிக்கும் வெண்காரமே போதும்.

இறக்கை எலும்பில், வான்கோழியைக் கூப்பிடும் ஊதி செய்யலாம். அமெரிக்கப் பூர்வகுடிகள் நெடுங்காலமாகச் செய்துவந்தது. இறக்கையின் மூன்று எலும்புகளையும் அரை மணி வேகவைத்துச் சதையைச் சுரண்டி, இரு முனைகளையும் ரம்பத்தால் அறுத்து, கம்பியால் மஜ்ஜையைத் தள்ளி எடுத்துக் காயவைக்க வேண்டும். மெல்லியதை நடுத்தரத்துக்குள், நடுத்தரத்தைப் பெரியதற்குள் செருகி, இடுக்கைப் பசையால் அடைக்க வேண்டும். காற்று கசிந்தால் ஒலி வராது. பெயர்தான் ஊதி, ஊதக் கூடாது. மெல்லிய முனையை உதட்டோரம் வைத்து முத்தம் கொடுப்பது போல விட்டுவிட்டு உறிஞ்ச வேண்டும். பெட்டையின் குரல் அப்படியே வரும்.